பக்கம் மாறிய பம்பு

தம்போய் வட்டாரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் மூன்றாம் மாடியில், நோயாளி வாடையே படாத அறையில் ரூபேந்திரன் உட்கார்ந்திருந்தான். அறுவை சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் கோட் எண் போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவது அவன் வேலை. மூன்று வருடமாக அவன் அனுப்பிய ஃபைல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லாமல் அவன் கேண்டீனில் ஒரு தே தாரிக் குடித்ததில்லை.

அன்று அவனைத் தேடி மாடியேறி வந்தவர் கஸ்தூரி. கெலாங் பாத்தாவில் லாரி ஓட்டிய அவர் கணவர் திருச்செல்வத்துக்கு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இரண்டு கால்களும் விறைத்து உதறும். அதை அடக்கும் மருந்தைத் தண்டுவடத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட, வயிற்றுத் தோலுக்கடியில் பம்பு வைத்து ஏழு வருடமாகிறது. பேட்டரி இன்னும் இரண்டு வாரம்தான் தாங்கும்.

"பம்பு மாத்த இன்னும் அப்ரூவல் வரலையாம் தம்பி. டாக்டர் உங்களப் பாக்கச் சொன்னாங்க."

"நான் இன்னும் அனுப்பவே இல்லக்கா. டாக்டர் இடப்பக்கம் வைக்கணும்னு எழுதியிருக்காரு. பழசு வலப்பக்கம்ல இருக்கு."

"கைலி முடிச்சு உரசி உரசி அந்தப் பக்கம் தோலு தேஞ்சு போச்சு தம்பி."

ரூபேந்திரனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அதே இடத்தில் வைத்தால் அது மாற்றுவது, ஒரே கோட். பக்கம் மாறினால் பழையதை எடுக்க ஒன்று, புதிதாக வைக்க ஒன்று. எடுப்பதற்கு உடனே அனுமதி கிடைக்கும். புதிதாக வைக்கத்தான் சோதனை அறிக்கை வேண்டும்: மருந்தில்லாமல் எவ்வளவு உதறல், ஊசி போட்ட பின் எவ்வளவு என்று.

"ஏழு வருஷமா மருந்து கேக்குதே தம்பி."

"அது பழைய பம்புக்கா. இது புதுசு."

ஓடுகிற பம்பை நிறுத்திச் சோதனை செய்ய எனக்கென்ன பைத்தியமா என்று டாக்டர் போனில் கத்தினார். கடிதம் தருகிறேன், சேர்த்து அனுப்பு என்றார். கடிதத்துக்கு இன்சூரன்ஸ் பாரத்தில் கட்டம் இல்லை. அனுப்பினால் ஃபைல் திரும்பி வந்தாலும் வரும். ரூபேந்திரன் அதைப் பெண்டிங்கில் போட்டுவிட்டு, விதிப்படி நடந்த நிம்மதியில் நன்றாகத் தூங்கினான்.

பேட்டரிக்கு விதி எல்லாம் தெரியாது. பத்தாம் நாளே நின்றுவிட்டது. திருச்செல்வத்தை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது, கால்கள் கட்டிலையே ஆட்டின. முதுகில் ஊசி போட்டதும் உதறல் கொஞ்சம் தணிந்தது. நர்ஸ் நேரம் குறித்து எல்லாவற்றையும் பதிந்தாள்.

கணினியில் அதைப் படித்த ரூபேந்திரன் துள்ளிவிட்டான். மருந்தில்லாமல் இவ்வளவு, ஊசிக்குப் பின் இவ்வளவு. அவன் கேட்ட அறிக்கை தானாகவே வந்து சேர்ந்திருந்தது. அனுப்பினான். பதினோரு நிமிடத்தில் அனுமதி வந்தது. நல்ல செய்தியைத் தானே சொல்லலாமென்று, வேலைக்குச் சேர்ந்தபின் முதல் தடவையாக வார்டுக்குப் போனான்.

ஊசியின் வேகம் குறைந்து உதறல் மறுபடி ஏறியிருந்தது. கஸ்தூரி தன் கணவரின் கால்களைக் கையால் அமுக்கிக்கொண்டு நின்றார்.

"அப்ரூவல் வந்துருச்சுக்கா. ரிப்போர்ட் கெடச்சிருச்சுல, அதான்."

"எந்த ரிப்போர்ட்டு?"

"இந்த உதறல்தான். சிஸ்டம் அப்படி லா."

கஸ்தூரி அவனை ஏறிட்டுப் பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை. "இவரு துடிக்கிறதப் பாக்கணும்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, கூட்டியாந்து பம்ப நிறுத்திக் காட்டியிருப்போமே தம்பி."

கட்டிலின் மறுபக்கத்தைத் தலையால் காட்டினார்.

"ஒரு காலப் பிடிங்க. எனக்குக் கை ஓஞ்சு போச்சு."

பிடித்தான். அந்தக் கால் அவன் இரண்டு கைகளையும் உதறித் தள்ளியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. உடம்பு முழுவதையும் சாய்த்து மறுபடி பிடித்தான்.

ஆபரேஷன் தியேட்டர் காலியாக இன்னும் நாலு மணி நேரம் ஆகும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.