சுவரில் மாட்டும் ஹேர் டிரையர்

மணவாழ்க்கை முறிந்து அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவளிடம், அங்கே யாரும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டம். சுளித்திருந்தால் எப்போதோ கிளம்பியிருப்பாள்.

ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் அவளுக்கு வேலை. ஈரத்தலையோடு வந்து நிற்கக் கூடாது என்று மேலாளர் கண்டித்ததைச் சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஹேர் டிரையர் வாங்க அண்ணி அவளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே அண்ணனும் வந்தான்.

விற்பனைப் பெண் முதலில் எடுத்துக் காட்டியது அனலைக் கக்கியது.

"இதுல காய வச்சா முடி வைக்கோலாப் போயிடும்," என்று அண்ணி ஒதுக்கிவிட்டாள்.

அடுத்தது சின்னது. காற்று கொஞ்சம் குறைவுதான். ஆனால் கைப்பிடி மடங்கியது. அவள் மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அடிக்கடி வெளியூர் போவீங்களா மேடம்? அப்ப இதுதான் சரி."

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சிரித்தாள். "இவ எங்க போகப் போறா? எங்க கூடவேதான் இருப்பா."

வெளியூர்க் கிளைக்குப் போகிறாயா, தங்க அறையும் தருகிறோம் என்று ஹோட்டலில் கேட்டிருந்தார்கள். இந்த வாரம் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் அவள் மூச்சு விடவில்லை.

"எனக்கு இதுவே போதும் அண்ணி."

"ஏன்டி இப்படிச் சுருங்கற? உன்னை வேத்து ஆளாவா நினைக்கிறோம்?"

அதற்குள் அண்ணன் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தான். சுருள் வயரோடு சுவரில் மாட்டுவது. "குட்டி, இதப் பாரு. எடுத்தோமா, காய வச்சோமா, மாட்டினோமா! தேடவே வேணாம்."

"எங்க ஹோட்டல் ரூம்ல எல்லாம் இதுதாண்ணா. வர்றவங்க தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு மாட்டி வைப்பாங்க."

"அப்ப உனக்குப் பழகினதுதான்," என்று அவன் பணம் கட்டப் போய்விட்டான்.

அன்று மாலையே குளியலறைச் சுவரில் துளை போட்டான். அவளை நிற்க வைத்து, தலைக்கு நேராகப் பென்சிலால் கோடு கிழித்து, திருகுகளை முறுக்கினான். பிறகு பிடித்து ஆட்டிப் பார்த்தான். "காலத்துக்கும் அசையாது," என்றபோது அவன் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி.

மறுநாள் காலை தாழிட்டுக்கொண்டு தலையைக் காய வைத்தாள். வயர் அவ்வளவாக நீளவில்லை. சுவரை ஒட்டிக் கழுத்தைச் சாய்த்து நிற்க வேண்டியிருந்தது. அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நான் போறேன் அண்ணி," என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு இன்னும் உரக்க.

கதவு தட்டப்பட்டது. "என்னடி, கூப்பிட்டியா?"

விசையை அணைத்தாள். "இல்ல அண்ணி. இன்னும் ஈரம் போகல."

முடி காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

ஹோட்டலுக்குப் போனதும், வெளியூருக்குப் போக முடியாது என்று சொல்லிவிட்டாள்.

"வீட்டுல வேணாம்னுட்டாங்களா?" என்றார் மேலாளர்.

அப்படி யாரும் சொல்லவில்லை. அவள் ஆமென்று தலையாட்டினாள்.