யன்னலோரத்து நீலக் கப்

யோகமலருக்குச் சாதி பார்க்கத் தெரியாது. அதை அவளே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். புலம்பெயர்ந்து வந்து அவள் குடியிருக்கும் டோர்செட் பார்க் மாடிக்கட்டடத்தில் பக்கத்து வீட்டு வேர்ணா ட்ரினிடாட்டைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி. அவரோடு தான் கொண்டாடும் சிநேகமே அதற்குச் சாட்சி என்பாள். சமையலறை யன்னலோரம் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும் நீலக் கப்பைப் பற்றி மட்டும் அவள் வாய் திறந்ததில்லை.

அது மக்டலீனுடைய கப். இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. யோகமலர் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டபோது தினமும் வந்து சமைத்துப் போட்டவள் மக்டலீன். ஆனால் பிறந்த ஊரில் அவளுடைய சாதி ஆட்களை யோகமலர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ள விட்டதில்லை. அவள் சமைத்த சோறு இறங்கிய தொண்டைக்கு, அவள் வாய் வைத்த கப் மற்றக் கப்புகளோடு சேர்வது மட்டும் ஆகாது. இது என்ன நியாயமோ!

தொண்ணூற்று நான்காம் ஆண்டு, ஓகஸ்ட் முதலாம் திகதி, லீவு நாள். வேர்ணாவின் நாட்டில் அன்று அடிமைகள் விடுதலையான நாள். ஒரு சாடி இஞ்சிப் பானத்தோடு அவர் வந்தபோது மக்டலீனும் அங்கே இருந்தாள்.

வேர்ணாவின் பூட்டியின் தாய் எசமான் வீட்டுக் கோப்பையைத் தொடக்கூடாது என்று வைத்திருந்தார்களாம். பின்வாசலில், அவளுக்கென்று ஒதுக்கிய சுரைக்குடுவையில்தான் குடித்தாளாம். அதனால் இந்த நாளில் தங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கோப்பையில் குடிப்பார்கள் என்றார் வேர்ணா.

"எவ்வளவு பொல்லாத மனிசர்!" என்றாள் யோகமலர். உண்மையாகவே அவளுக்கு அழுகை வந்தது.

வேர்ணா எழுந்து, கைக்கு எட்டிய நீலக் கப்பை எடுத்தார். வேறு கப் தருகிறேன் என்று யோகமலர் பதறி எழுவதற்குள் வேர்ணா ஊற்றிக் குடித்து, மக்டலீனிடம் கொடுத்துவிட்டார். மக்டலீன் ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினாள்.

"இந்தாங்கோ அக்கா."

"எனக்குத் தொண்டை நோகுது..." என்று இழுத்தாள் யோகமலர். அதுவரை வீடு அதிரக் கதைத்துக்கொண்டிருந்த தொண்டைதான். இருவரும் அவளையே பார்த்தார்கள். வேறு வழியின்றி வாங்கி, உதட்டை இறுக மூடிக்கொண்டு, குடிப்பதுபோலக் கப்பைச் சரித்துவிட்டு வைத்தாள்.

இது மட்டும் ஏன் தனியாக இருந்தது என்று வேர்ணா கேட்டார். யோகமலர் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

மக்டலீன் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: "அது என்னுடைய கப். வேறு யாரையும் இவர் அதில் குடிக்க விடமாட்டார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எவ்வளவு பாசம் என்று உருகிப்போன வேர்ணா யோகமலரைக் கட்டிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலால் மக்டலீனின் முகத்தைப் பார்க்க யோகமலருக்குத் தைரியம் வரவில்லை. மக்டலீன் காட்டிக் கொடுத்திருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள்.

வேர்ணா போனபின் மக்டலீன் கப்பை எடுத்துப் பார்த்தாள்.

"நீங்கள் குடிக்கேல்லை, அக்கா. நான் தந்தது அப்பிடியே கிடக்கு."

"மக்டலீன், நான்..."

மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிக் கப்பைக் கழுவிய மக்டலீன், பழக்கத்தில் யன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு நின்று, அதைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்ரை கப்தானே. நான் கொண்டுபோறன்."

நில்லும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்ன, யோகமலர் கதவைத் திறந்துவிட்டாள்.