இருபத்திரண்டு குடம் தண்ணீர்

இருபத்திரண்டு குடம். எண்ணித்தான் ஊற்றினேன். கிணற்றடியிலிருந்து இடுப்பில் சுமந்து வந்தவள் நான். தொட்டிக்கு முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். ஊற்ற ஊற்ற எனக்கு மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இத்தனை தண்ணீரும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் வெளியே வந்தால், அதற்கு எதிரே பாயில் இருக்கிற என் மகளால் எழுந்து ஓட முடியாது.

சாலம்மாளுக்கு அப்போது ஒன்பது வயது. ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றே நாளில் போய்விட்டது, போகும்போது இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கைகளை ஊன்றி உட்காருவாள். ஒரு முழம் நகர்வதற்குள் மூச்சு வாங்கும். ராசிபுரத்தில் எங்கள் வீடு மொத்தமே ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும்தான். அறையில் பாதியைத் தறியும் தறிக்குழியும் பிடித்துக்கொண்டன. மீதிப் பாதியில் அவள் பாய். இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளை எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே பகலைக் கழித்தாள். நானாக இருந்தால் அந்தச் சுவரில் மண்டையை மோதிக்கொண்டிருப்பேன்.

மேட்டூர் அணை கட்டி முடித்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் கைலாசம் சேலை மூட்டையோடு மதராசுக்குப் போனார். கடற்கரையில் கண்ணாடிக்குள் மீன் விட்டிருக்கிறதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சோறுகூடக் கேட்கவில்லை.

"ஏ புள்ள, நம்ம பாப்பாவுக்கு அப்புடி ஒண்ணு செஞ்சு வெக்கோணும்" என்றார்.

"எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுதாம்? பட்டணத்துக்காரன் வெச்சா நீங்களும் வெக்கோணுமா?"

"அவ எத்தன நாளைக்குத்தான் சுவத்தையே பாப்பா?"

அந்தச் சுவரை வெள்ளையடிக்கும்போதெல்லாம் அழுகிறவள் நான்.

கொல்லர் குட்டைக் கால் வைத்து இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தார். நாலடி நீளம், இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம். கண்ணாடி சேலத்திலிருந்து வைக்கோல் சுற்றி வண்டியில் வந்தது. கூடவே பரக்கத் அலி பாயும் வந்தார். சேலம் கடைவீதியில் சாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் சட்டம் போடுகிறவர். யாரோ பாப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகவே தானே வந்து பொருத்திக் கொடுத்தார். சுண்ணாம்புத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்து இடித்து, மக்குப் பிசைந்து, சட்டத்தின் இடுக்கெல்லாம் அப்பினார். கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னார்.

"முதலியாரே, நாலடிக் கண்ணாடி. நடுவுல தாங்காது. ரெண்டு பக்கத்தையும் சேத்து மேல ஒரு குறுக்குப் பட்டை போடணும். மக்கு காயட்டும். பதினஞ்சு நாள்ல நானே வந்து போட்டுத் தாரேன். அதுவரைக்கும் பாதிக்கு மேல தண்ணி ஊத்தாதீங்க."

நான் கேட்டேன். என் வீட்டுக்காரரும் கேட்டார். ஆனால் நான்காம் நாளே பள்ளிபாளையத்திலிருந்து என் அண்ணன் பானைக்கு ஈரத்துணி கட்டிக் காவேரி மீன் கொண்டுவந்துவிட்டார். பதினாலு மீன். பாப்பா கைகொட்டினாள். "மேல வரைக்கும் ஊத்துங்கம்மா, மேல ஏறி வாறதப் பாக்கோணும்" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் முதன்முதலாகக் கேட்டது அது. தகப்பன் என்னைப் பார்த்தார். நான் குடத்தை எடுத்தேன். அப்படித்தான் அந்த இருபத்திரண்டு குடமும் உள்ளே போயிற்று. பழியில் எனக்கும் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

மறுநாள் ஒரு பட்டு நூலை எடுத்துக் கண்ணாடியின் நீளத்துக்கு இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் நூல் கண்ணாடியைத் தொட்டது. ஓரத்தில் ஒரு நெல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அதற்கடுத்த நாள் இரண்டு நெல் நுழைந்தது. தண்ணீர் உள்ளேயிருந்து தள்ளத் தள்ளக் கண்ணாடிக்கு வயிறு வைக்கிறது.

"ஏனுங்க, பாதித் தண்ணிய எறக்கிரலாமுங்க. பாய் வந்து பட்டை போடட்டும்."

"எறக்குனா பாப்பா மொகம் சுருங்கிப் போகும். பட்டைதான? நானே போடறேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனுஷன். அதிலும் நெசவுக்காரர். நெசவுக்காரனுக்கு உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் ஒரே மருந்துதான்: இறுக்கிக் கட்டுவது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் தொய்ந்தால் துணி கெட்டது. இறுக்கி, விரலால் சுண்டி, கிண்ணென்று கேட்டால்தான் இவர்களுக்கு மனசு அடங்கும். நானும் நெசவு வீட்டில் பிறந்தவள்தான். அதனால் அவர் கம்பியைக் கையில் எடுத்தபோது எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. தண்ணீர் நிறைந்திருக்கும்போதே முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைக் கோத்து, இரண்டு முனையிலும் மரை போட்டுத் திருகினார். திருகித் திருகி, நடுநடுவே கம்பியைச் சுண்டிப் பார்த்தார். டங்கென்று சத்தம் வந்ததும் நிறுத்தினார். பாவைச் சுண்டிப் பார்க்கிற அதே விரல்.

நூலைப் பிடித்துப் பார்த்தேன். வயிறு போயிருந்தது. ஒரு நெல்கூட நுழையவில்லை.

"பாத்தியா?" என்றார்.

பரக்கத் அலி பாய் பின்னால் வந்து உடைந்த துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் விஷயம். தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் பட்டை போட வேண்டுமாம். அதுவும் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு நின்றால் போதுமாம், இழுக்கவே கூடாதாம். தண்ணீர் வெளியே தள்ள, கம்பி உள்ளே இழுக்க, நடுவில் கண்ணாடி எந்தப் பக்கம்தான் போகும்? நூல் என்றால் விட்டுக்கொடுக்கும். இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கம்பி போட்ட கையோடு அலங்காரமும் நடந்தது. கண்ணாடியின் விளிம்பு பாப்பாவின் கையைக் கிழித்துவிடக் கூடாதென்று மேல்விளிம்பு முழுக்க விரல் அகலத்துக்குப் பித்தளைத் தகடு மடித்துப் போட்டார். புளி போட்டுத் தேய்த்தார். பளபளவென்று இருந்தது. தெருவே வந்து பார்த்தது. எனக்கு மட்டும் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம் கேட்டால்கூட அறைக்குள் ஓடிப் பார்ப்பேன். பரக்கத் அலி பாய் வர இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பாப்பாவின் பாயைத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். பாயையும் இழுத்துக்கொண்டு கையை ஊன்றி ஊன்றித் தொட்டியண்டை வந்துவிடுவாள். முதலில் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவள், இரண்டு நாளில் முதுகைச் சாய்த்து உட்கார ஆரம்பித்தாள். மீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படி என்ன உட்காருதல்? கேட்டேன். "சில்லுனு இருக்குதுங்கம்மா" என்றாள். சித்திரை வெயில், இருக்கும் என்று விட்டுவிட்டேன். ராத்திரியிலும் அப்படியே சாய்ந்து தூங்கிப்போவாள்.

அப்புறம்தான் அவள் படுக்கிற பாய் நனைய ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் பாயும் பாவாடையும் ஈரம். சரி, பிள்ளை, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைச்சல், என்று துவைத்துப் போட்டேன். மறுநாளும் ஈரம். மூன்றாம் நாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடந்தே இடுப்பு ஒடிந்து கிடக்கிறேன்.

"வயசு ஒம்பது ஆச்சு. ஒரு வார்த்த 'அம்மா'ன்னு கூப்புட வாயி இல்லையா? இப்புடியா பாயிலேயே போறது? தெருவுல தெரிஞ்சாச் சிரிப்பாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காது நுனி வரை சிவந்துபோயிற்று. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டினேன். அதை இங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்காம் நாள் விடிகாலையிலேயே அவர் பாவடிக்குப் போய்விட்டார். தெருவோடு பாவு நீட்டிக் கஞ்சி போடுகிற நாள். வெயில் ஏறியதும் ஈரப்பாயை உருவி எடுத்துச் சுருட்டினேன். முகத்தருகே வந்தபோது மூத்திர வாடை இல்லை. குளத்துப் பாசி வாடை அடித்தது.

பாயை அப்படியே போட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். முதுகைக் கண்ணாடியோடு அழுத்தி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"சாமி, இங்க வா."

"வேண்டாமுங்கம்மா."

"வான்னு சொல்றேன்ல."

"நான் புடிச்சுக்கிட்டிருக்கேனுங்கம்மா. நான் எந்திரிச்சா ஒடஞ்சுரும்."

அவள் தோளுக்கு மேலே பார்த்தேன். பித்தளைத் தகட்டுக்கு அடியிலிருந்து ஒரு கீறல் புறப்பட்டு அவள் முதுகுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. குடத்தை எடுத்துத் தண்ணீரை மொள்ளலாமா, அவரைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் நின்றேன். ஒரு கணம்தான். அவளை இரண்டு அக்குளிலும் கைகொடுத்து இழுத்தேன். அவள் வரவில்லை. சட்டத்தின் காலைப் பிடித்துக்கொண்டாள். விரல்களைப் பிரித்தேன், என் கையைக் கடித்தாள். கடிபட்ட கையோடே தரதரவென்று வாசற்படி வரை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டேன்.

படியைத் தாண்டியிருக்கமாட்டேன். பட்டென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. கண்ணாடி இரண்டாகப் பிளந்து முன்னால் விழுந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு, நட்டுக்குத்தாக நின்று அப்புறம் சாய்ந்தது. தண்ணீர் அறை முழுக்கப் புரண்டு தறிக்குழிக்குள் இறங்கியது. மீன்கள் தரையில் துள்ளின.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அடித்தும் விட்டேன். ரெண்டையும் சேர்த்தே செய்தேன்.

"ஏன் சாமி சொல்லல? மூணு நாளா நான் அந்தத் திட்டுத் திட்டறேன். தண்ணி ஒழுகுதுங்கம்மான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா எடுத்துருவீங்க."

"எடுத்தா என்ன?"

"மறுபடியும் சுவத்தப் பாக்கோணுமில்லீங்களா" என்றாள்.

யாரோ சொல்லி அவர் பாவடியிலிருந்து கஞ்சிக் கையோடு ஓடிவந்தார். உள்ளே பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். கீழே கிடந்த பித்தளைத் தகட்டை எடுத்து, அதன் மடிப்புக்குள் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லைப் பார்த்துக்கொண்டே அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் சாமி இறுக்கிப்போட்டேன்" என்றார்.

"இல்லீங்கப்பா. நான்தான் உட்டுட்டேன்" என்றாள் அவள்.

உயிரோடு கிடந்த மீன்களைக் குடத்தில் பொறுக்கிப் போட்டேன், ஒன்பது தேறியது. அப்புறம் அவளை மடியில் கவிழ்த்துப் போட்டு ஈர ரவிக்கையைக் கழற்றினேன். முதுகில் தோளிலிருந்து இடுப்புவரை, நேர்கோடாக, சன்னக் கீறல்கள். சில ஆறியிருந்தன. சில அன்றைக்குக் காலையில் விழுந்தவை. தேங்காயெண்ணெயைத் தொட்டு ஒவ்வொன்றாகத் தடவினேன்.

"எரியுதா சாமி?"

"இல்லீங்கம்மா."

"பொய் சொல்லாத."

அடுத்த கீறலில் விரலை வைத்தேன். அப்புறம் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எரியுதுங்கம்மா" என்று சொன்னாள்.