சிவப்பு இதழ்

கிளாரன்ஸ் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பழைய தலையணை ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

"உங்களுதே பழசுதான்," என்றாள் அவர் மனைவி கெர்ட்ரூட்.

அவர் சிரித்துக்கொண்டே தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லோரிக்குப் போனார்.

பிரிக்பீல்ட்ஸில், வீட்டை ஒட்டியே பட்டறை. வண்ணக் கற்களால் பூவும் கொடியும் பதித்த பழைய பளிங்கு மேசைகளை, இடிபடும் பங்களாக்களிலிருந்து கிளாரன்ஸ் வாங்கி வருவார். உதிர்ந்த கல்லுக்குப் பதில் புதுக்கல் அறுத்துப் பதிப்பது கெர்ட்ரூட்டின் வேலை. பெரிய ஹோட்டல்களில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் மலேசியா ஞாபகமாக வாங்கிப் போவார்கள். ஆக்ராவில் செய்தது என்று சொன்னாலும் அவர்களுக்குக் கவலையில்லை.

இந்த முறை வாங்கியவர் கண் கூர்மையான ஆள். நடுப்பூவில் ஓர் இதழ் குறைகிறது, அது இல்லாமல் வேண்டாம் என்றுவிட்டார். கெர்ட்ரூட் சிவப்புக் கல்லில் இதழ் அறுத்து அன்று காலைதான் ஒட்டினாள். பசை இறுக மறுநாள் ஆகும். கிள்ளான் துறைமுகத்திலோ நாலு மணிக்குக் கண்டெய்னரை மூடிவிடுவார்கள்.

மேசையின் பளிங்குப் பலகையைப் படுக்கவைத்து ஏற்றக் கூடாது. கண்ணாடியைப் போல நிறுத்தி, மரச்சட்டத்தோடு கட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் கிளாரன்ஸ் அப்படித்தான் ஏற்றினார்.

"நிறுத்தினா இதழ் நழுவிடுங்க. இன்னிக்கு ஒரு நாள் படுக்க வச்சுக் கொண்டு போங்களேன்," என்று கெர்ட்ரூட் ஏற்றும் முன்பே கேட்டிருந்தாள்.

"கல்லுக்கு என்ன காய்ச்சலா, படுக்க வைக்க?" என்றார். ஆனாலும் படுக்க வைத்தார். கட்ட வழியில்லாததால், பலகையைப் பிடித்துக்கொள்ளத் தானே பின்னால் ஏறி, கேபினுக்கு முதுகைக் கொடுத்து, அந்தத் தலையணையை நடுவில் வைத்து உட்கார்ந்தார்.

கிள்ளானில் ஒரு மோட்டார்சைக்கிள் குறுக்கே வந்தது. லோரி ஓட்டிய இராமலிங்கம் பிரேக்கை மிதித்தான். பலகை வழுக்கிப் போய் கிளாரன்ஸை நசுக்கியது. மருத்துவமனைக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது.

ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தால், பலகையை நிறுத்தினாலும் இதழ் நின்றிருக்கும். அது அவளுக்கு மூன்றாம் நாள்தான் தோன்றியது.

சாவு வீட்டில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. "இவ்ளோ வருஷ அனுபவம் லா! இப்படியா கவனமில்லாம ஏத்துவாரு?"

முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் சாப்பிடும்போது, கெர்ட்ரூட் கிளாரன்ஸின் அண்ணன் கால்வினிடம் சொன்னாள்:

"அண்ணே, படுக்க வைக்கச் சொன்னது நான்தான்."

கால்வின் சோற்றுக் கையை உதறிவிட்டு அவளைப் பார்த்தார். "நீ எதுக்கும்மா பழியைத் தூக்கிப் போட்டுக்கிற? அவன் கொஞ்சம் அசால்ட்டா இருந்துட்டான், அவ்ளோதான். சாப்பிடு."

அவள் எதிரே இருந்த இராமலிங்கத்தைப் பார்த்தாள். அன்று ஏற்றும்போது அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"நான் சொன்னதை நீ கேட்டியே, சொல்லு."

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு ஞாபகம் இல்ல அக்கா."

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னான். இனி கிளாரன்ஸ் கவனமில்லாத மனுஷனாகவே செத்துக் கிடப்பார்.

வீட்டுக்கு வந்து பட்டறையைத் திறந்தாள். போலீஸ் திருப்பித் தந்த பலகை இரண்டு துண்டாக, மரச்சட்டத்தில் நின்றது. விரிசல் நடுப்பூவை ஒட்டியே ஓடியிருந்தது. சிவப்பு இதழின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினாள்.

இதழ் அசையவில்லை.