ஐந்து நிமிடத்துக்குக் குறைவானவை

மாதவராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு யுவராணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடி அறையை விட்டு லேசில் வெளியே வருகிற முதலாளி இல்லை அவர். திரையில் அவள் வாரக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு செய்த அறிக்கை விரிந்திருந்தது. லாரிகளின் ஜிபிஎஸ் கருவிகள் டேட்டாபேஸில் கொட்டிவிட்டுப் போகும் தகவலையெல்லாம் சலித்தெடுத்து, எந்த டிரைவர் எங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று ஒரே பக்கத்தில் காட்டும் அறிக்கை. அனுமதியில்லாத இடத்தில் நின்றால் சிவப்பு. என்னவோ அழகாகத்தான் வந்திருந்தது. அந்த அழகுதான் இப்போது குடியைக் கெடுக்கப் பார்த்தது.

தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஓட்டலோ பங்க்கோ இல்லாத ஓரிடத்தில், சிவப்புப் புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி அப்பிக் கிடந்தன.

"டீசல உறிஞ்சி விக்கிறானுங்க," என்றார் மாதவராஜ். "கணக்கு ஒதைக்குதேன்னு அப்பவே நெனச்சேன். அத்தன பேரும் கூட்டு. சவரி ஒருத்தருதான் யோக்கியமான ஆளு."

பட்டியலில் முதல் பெயர் குரு. யுவராணியின் வீட்டுக்காரன்.

"அது முனியப்பனுக்குச் சூடம் ஏத்தற எடங்க சார். அப்படியே பிரேக்குல காத்து நெறஞ்சிருக்கான்னும் பார்த்துட்டுத்தான் எறங்குவாங்க."

"சூடம் எரிய இவ்ளோ நேரமா? உம்பட வூட்டுக்காரரு பேரு மொதல்ல நிக்குது. நீ வேற எப்படிப் பேசுவ?"

சுருக்கென்றது. அவர் அதற்குள் டிரைவர்கள் குழுவுக்குக் குரல் பதிவு போட ஆரம்பித்துவிட்டார். "இனிமே தொப்பூர் மேட்டுல நிக்கிறவங்க அப்படியே வண்டிய வுட்டு எறங்கிக்கலாம். சவரியப் பாருங்க. ஒரு நாளாச்சும் நின்னிருக்காரா?"

சவரி வேதக்காரர், சூடம் ஏற்ற மாட்டார், சரி. ஆனால் பிரேக்கைப் பார்க்காமல் அந்த இறக்கத்தில் இறங்குகிற ஆளா அவர்? டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுக்கத் தான் எழுதிய வினவலை யுவராணி திறந்தாள். டோல்கேட்டில் காத்திருப்பதெல்லாம் குற்றமாகிவிடக் கூடாதென்று, ஐந்து நிமிடத்துக்குக் குறைவான நிறுத்தங்களை அவளே வெட்டி எறிந்திருந்தாள். ஐந்தை இரண்டாக்கினாள். ஒவ்வொரு நடையிலும், அதே இடத்தில், நான்கு நிமிடம் நின்றிருந்தார் சவரி.

இதைச் சொல்வதா? தன் புருஷனைக் காப்பாற்ற இன்னொரு மனுஷனைச் சிவப்பில் இழுத்துவிடுவதா? தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"சவரி அண்ணனும் நாலு நிமிஷம் நிக்கிறாருங்க சார். என்னோட அறிக்கைலதான் தப்பு."

"நாலு நிமிஷத்துல யாரும் டீசல் எடுக்க முடியாது. அவர வுடு," என்று கையை வீசி, இரண்டை மறுபடி ஐந்தாக்கச் சொன்னார். பிறகு திரையில் வரைபடத்தைத் தொட்டார். "இப்ப யாரு அங்க போய்க்கிட்டிருக்கிறா?"

முன்னால் குருவின் வண்டி, கிரானைட் பாரத்தோடு. அதற்குப் பின்னால் சவரி. வண்டி ஓட்டும்போது குரு போனை எடுக்க மாட்டான். டோல்கேட்டில் நின்றபோது அந்தக் குரல் பதிவைக் கேட்டானோ என்னவோ. நின்றால் வேலை போச்சு. நிற்காமல் போனால் அந்த இறக்கம் எத்தனை வண்டிகளைக் காவு வாங்கிய இடம் என்று அவளுக்குத் தெரியாதா? எதை வேண்டிக்கொள்வதென்றே தெரியாமல் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

குருவின் புள்ளி மெதுவாகி நின்றது. அப்பாடா என்று வந்த மூச்சை அப்படியே விழுங்கினாள்.

"பார்த்தியா?" என்றார் மாதவராஜ். ஐந்து நிமிடம் கடந்ததும் குருவின் இன்றைய வரி சிவந்தது.

சவரியின் புள்ளி வந்து அதன் பின்னால் ஒட்டி நின்றது. மாதவராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம் ஆயிற்று. புள்ளி அசையவில்லை. பட்டியலின் அடியில் இத்தனை நாள் பச்சையாகவே இருந்த சவரியின் வரியும் சிவந்தது.

அவர் போனை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, "சவரி, என்னய்யா இது?" என்றார்.

"நானும் தெனமும் நிக்கிறவந்தாங்க சார்." காற்று இரைச்சலுக்கு நடுவே நிதானமாக வந்தது குரல். "இன்னிக்குக் கொஞ்சம் சேத்து நிக்கிறேன்."

மாதவராஜ் பதில் சொல்ல வாயெடுத்தார். திரையில், தர்மபுரிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த மூன்றாவது புள்ளியின் வேகம் குறைய ஆரம்பித்தது.