செவ்வாயும் வியாழனும்

லாரியைப் பாதி நடைபாதைமேல் ஏற்றி நிறுத்தி, நான்கு பக்க விளக்குகளையும் மினுக்கவிட்டுவிட்டு, இளையவன் மூன்றாவது மாடியில் இருந்த அண்ணன் வீட்டுக்கு ஓடினான். பின்னால் இன்னும் முப்பத்தேழு பெட்டிகள் இறக்க வேண்டியிருந்தன.

விடுப்பு கேட்டபோது சூப்பர்வைசர் தலையைத் தடவிக்கொண்டார். கெட்டவர் இல்லை. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைக்கும் போய்விட்டு வா, அதற்குமேல் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிடுவார்கள், என் கையில் எதுவும் இல்லை என்றார். ஒருமுறை கைமாறிய வண்டி திரும்பி வராது. கிடங்கு வாசலில் வண்டிக்காகக் காத்துக்கிடப்பவர்கள் எப்போதும் ஏழெட்டுப் பேர் உண்டு.

முன்னறையில் அண்ணனைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். முகம் மழித்திருந்தது, யார் செய்தார்களோ. நேற்று விடியற்காலையில் கிடங்கு முற்றத்தில், தன் லாரிக்குள், ஸ்டியரிங்மேல் சாய்ந்தபடி இருந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு பேர் தாண்டிப் போயிருக்கிறார்கள். நெஞ்சைப் பிசைகிறது என்று நான்கு நாளாகவே இளையவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும், சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். இன்றுதான் சனிக்கிழமை.

கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் சீருடையில் இருந்தார்கள், எல்லோருக்கும் கீழே வண்டி நின்றது. ஒருவர் கிளம்பினால்தான் அடுத்தவருக்கு நிறுத்த இடம் கிடைக்கும். வந்து கால்மாட்டில் நின்று, அண்ணியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சட்டைப்பையில் போன் அதிர்ந்ததும் படியிறங்கினார்கள். நெட்டையன் என்று கூப்பிடப்படுகிற மூத்த டிரைவர் மட்டும் பத்து நிமிடம் நின்றார். கிடங்கில் அண்ணனுக்கு ஹேண்ட்பிரேக் என்று பெயர். எங்கே நிறுத்தினாலும் மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

"நேத்தும் போட்டுத்தான் வெச்சிருந்தாரு," என்று நெட்டையன் இளையவன் காதருகே சொன்னார். "லோடு போகணும், வண்டிய நகர்த்துன்னாங்க. நான்தான் எடுத்துவிட்டேன்."

மணி ஒன்றரை ஆகியும் மயானத்துக்குக் கொண்டுபோகும் வண்டி வரவில்லை. நகரத்துக்குள் இருக்கும் மயானங்களில் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. கிடைத்த இடம் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தது.

அண்ணி அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அண்ணன் லாரியில் இருந்த சாமான்களைக் கிடங்கிலிருந்து ஒரு பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அண்ணி அதை மேடைமேல் பிரித்து வைத்திருந்தார். தலையணை, போர்வை, சோப்பு, பல் தேய்க்கும் பிரஷ், உள்ளங்கை அளவு கண்ணாடி.

"தலையணை எதுக்கு தம்பி வண்டியில?"

அவன் கண்ணாடியை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"செவ்வாயும் வியாழனும் ராத்திரி டியூட்டின்னுதானே சொன்னாரு. அப்படி என்ன டியூட்டின்னு சண்டை போட்டிருக்கேன். எவளாச்சும் இருக்காளான்னுகூடக் கேட்டுட்டேன்."

"ராத்திரி டியூட்டின்னு ஒண்ணு இல்ல அண்ணி."

மெதுவாக, விட்டுவிட்டுச் சொன்னான். வாடகை ஏறும்போதெல்லாம் அண்ணன் குடும்பம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. இது மூன்றாவது வீடு. கூலி மட்டும் நான்கு வருடமாக இருந்த இடத்திலேயே இருந்தது. இங்கிருந்து கிடங்குக்குப் பஸ் மாறிப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வாரத்தில் இரண்டு ராத்திரி வண்டியிலேயே படுத்துக்கொண்டால் பயணக் காசு மிஞ்சும், தூக்கமும் கொஞ்சம் மிஞ்சும்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நல்லா வெளிச்சம் வருதுன்னு நீங்க ஆசப்பட்டுப் பிடிச்ச வீடு. தெரிஞ்சா காலி பண்ணலாம்னு சொல்லுவீங்க, அதனால சொல்லாதேன்னாரு."

அண்ணி தலையணையைப் பைக்குள் வைத்தார். பிறகு வெளியே எடுத்தார். உறையில் தலை பட்ட இடம் கறுத்திருந்தது. அதைக் கழற்றிக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டுக் கசக்க ஆரம்பித்தார். முன்னறையில் யாரோ அண்ணியைத் தேடினார்கள். அவர் திரும்பவில்லை. அழுக்கு போன பிறகும் கசக்கிக்கொண்டே இருந்தார்.

இளையவன் போன் அடித்தது. சூப்பர்வைசர். கிளம்பிவிட்டேன் சார் என்று சொல்லி வைத்தான்.

"எத்தன மணிக்குப் போகணும்?" அண்ணி குழாயை மூடாமலே கேட்டார்.

"ரெண்டுக்கு. அது கிடக்கட்டும் அண்ணி, நான் இருக்கேன்."

"இருந்து?" அண்ணி உறையைப் பிழிந்தார். "உங்கண்ணன் வேலையும் போச்சு. நீயும் அந்த வண்டிய விட்டுட்டா, நாளைக்கு நான் யாருகிட்ட வந்து நிக்கிறது?"

அவன் கவிழ்த்து வைத்த கண்ணாடியை எடுத்துப் பைக்குள் போட்டான்.

மயான வண்டி இரண்டு இருபதுக்கு வந்தது. அண்ணனைக் கீழே இறக்கும்வரை இருப்பது என்று இளையவன் முடிவு செய்திருந்தான். வண்டியோடு வந்தவர்கள் இரண்டு பேர்தான். ஸ்ட்ரெச்சரைப் படியில் இறக்க நாலு பேர் வேண்டும். சக டிரைவர்கள் யாரும் மிச்சமில்லை. முதல் மாடியில் குடியிருப்பவர் ஒரு கை கொடுத்தார். அண்ணன் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

படி குறுகல். முதல் திருப்பத்திலேயே முட்டிக்கொண்டது. "தலப்பக்கம் தூக்குங்க. கால்பக்கம் செவுத்தோரம் விடுங்க. இப்பத் திருப்பு, மெல்ல, மெல்ல," என்று இளையவன் சொல்லிக்கொண்டே இறங்கினான். ஃபிரிட்ஜ் இறக்கும்போது பேசுகிற குரல் அது என்று இரண்டாவது மாடியில்தான் அவனுக்கு உறைத்தது. அதன்பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. கீழ்ப்படியில் ஒரு பக்கம் சுவரில் இடித்தது.

அண்ணியும் அண்ணன் மகளும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். அந்தப் பெண் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். கதவை மூடுமுன் எட்டிப் பார்த்து, "சித்தப்பா, நீங்க பின்னாடியே வர்றீங்கல்ல?" என்றாள்.

அண்ணி அவனைப் பார்க்காமல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தலையசைத்தான்.

சந்திப்புவரை பின்னாலேயே போனான். சிக்னல் விழுந்ததும் மயான வண்டி வலப்பக்கம் திரும்பியது. இளையவன் இடப்பக்கம் திரும்பினான்.

முதல் பெட்டி ஓர் அடுக்குமாடியின் நான்காவது தளத்துக்கு. மணியடித்தும் யாரும் கதவைத் திறக்கவில்லை. பெட்டியை வாசலில் வைத்து, கொடுத்ததற்கு அத்தாட்சியாகப் போனில் படம் எடுத்தான். படம் தெளிவாக இல்லை, மீண்டும் எடுக்கவும் என்று திரையில் வந்தது. மீண்டும் எடுத்தான். அதுவும் தெளிவாக இல்லை. போனைச் சுவரில் அண்டக் கொடுத்து, ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, கதவு எண் தெரியும்படி மூன்றாம் முறை எடுத்தான்.

திரையில் அடுத்த முகவரி வந்தது.