சத்தமில்லாத சைலன்சர்

ஒரு நாளைக்கு ஐநூறு கிலோமீட்டர் பைக் ஓட்டப்போகிறவனுக்கு இடி மாதிரி உறுமும் சைலன்சர் எதற்கு? காது செத்துப்போகும். மெக்கானிக்கிடம் சொல்லி அந்தச் சனியனைக் கழற்றிவிட்டு, சத்தத்தை அடக்கும் புதிய சைலன்சரை மாட்டிக்கொண்டேன். மனைவி மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள்.

“பழைய சத்தமே இருக்கட்டுங்க. எனக்கு அதுதான் பழகிடுச்சு.”

பன்னிரண்டு வருடமாகப் பின்னால் உட்கார்ந்து வருகிறவள். என் வண்டிமேல் பாசம் என்று நினைத்தேன், மடையன்.

மறுநாள் காலை கிளம்பினோம். முதல் ஏற்றத்தில் வண்டி பூனைபோல ஏறியது. மேலே சாலை இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் வேகத்தைக் குறைத்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

“டேய் கிறுக்கா, வழி தெரியலன்னா வாயைத் திறந்து யாரையாவது கேளேன்டா. அப்படியே அப்பன் புத்தி.”

தூக்கிவாரிப்போட்டது எனக்கு. வீட்டில் வாங்க, போங்க தவிர வேறு வார்த்தை வராத வாய்! அப்படியானால் இந்தப் பன்னிரண்டு வருடமும்?

என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் கத்தினேன்.

“என்னது? சத்தத்துல ஒண்ணும் கேக்கல!”



“எந்தச் சத்தத்துலங்க?” என்றாள்.